தினப்படத்தில் அக்கா

மார்ச் 3

மச்சானுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க வேண்டுமாம். இதை எழுதித் தருகிற ஜெராக்ஸ் கடைக்காரம்மா சொல்கிறாள். நீ நலமாகத்தான் இருப்பாய். உன் ஆபீசில் கழிப்பறை திறந்திருக்கும்.

போனில் கூப்பிட்டால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்கிறாய். உன் மகள் கல்யாணத்துக்குப் பிறகு நீ என்னோடு பேசிய ஒரே வார்த்தை அதுதான். காகிதமாக ஆபீசுக்கு அனுப்பினால் முத்திரை குத்தி வாங்கி, பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று இந்தம்மா சொன்னாள். அதனால்தான் வீட்டுக்குப் போடாமல் நகராட்சிப் பூங்காப் பிரிவு அதிகாரி என்று போட்டு அனுப்புகிறேன். இதுநாள் வரை நம் வீட்டுக் கடிதமெல்லாம் எழுதியது உன் அக்கா. அவள் வலது கை இப்போது பேனாவைப் பிடிப்பதில்லை. வாதம் வந்த அன்று ஆஸ்பத்திரிக்கு வந்தாய், பழக்கூடையை வைத்தாய், போனாய். அதற்கப்புறம் நடந்ததை உனக்கு யார் சொல்வார்கள்?

காலையில் சமதரையில் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டில் இரண்டு அறை, ஒரு படிக்கட்டு. தெருவில் வண்டிகள். மிச்சம் இருப்பது தெருமுனைப் பூங்கா. உன் பூங்கா. அதன் லட்சணத்தைச் சொல்கிறேன், மூக்கைப் பிடித்துக்கொண்டு கேள்.

தோட்டக்காரர் ஓய்வு பெற்றார், அவர் இடத்துக்கு ஆள் இல்லை. குழாயைப் பிடுங்கிக்கொண்டு போனீர்கள். கழிப்பறையைக் கழுவிய அம்மாவை நிறுத்தி, கதவில் பூட்டுப் போட்டீர்கள். பூட்டுப் போட்டால் மனுஷனுக்கு வராமல் போய்விடுமா? ஆம்பிளைகளெல்லாம் கழிப்பறைச் சுவர் மேலேயே போகிறார்கள். கேட்டுக்குள் நுழையும்போதே துண்டால் மூக்கை மூட வேண்டியிருக்கிறது. நடைபாதைக் கல்லை வேர் தூக்கிவிட்டது. பெஞ்சுகளில் பலகை இல்லை, இரும்புக் கால் மட்டும் நிற்கிறது.

ஒரே ஒரு பெஞ்சு மட்டும் புதுப்பெண் மாதிரி இருக்கிறது. காரணம் உனக்குத் தெரியும். உன் கான்ட்ராக்டருடைய ஆள் காலையில் பைக்கில் வருவான். அவனுக்குக் கிளிக் என்று பேர் வைத்திருக்கிறோம். பெஞ்சைத் துடைப்பான், அதற்குப் பின்னால் இருக்கிற ஒரு பூப்பாத்திக்கு மட்டும் கேனில் தண்ணீர் ஊற்றுவான், சுற்றிக் கிடக்கிற குப்பையைக் காலால் தள்ளுவான். படம் எடுப்பான். போய்விடுவான். போன வாரம் ஒரு நாய் செத்துக் கிடந்தது. அதன் வாலைப் பிடித்து இழுத்து, படத்தில் விழாத தூரத்தில் விட்டுவிட்டுப் படம் எடுத்தான். அங்கே நடக்க வருகிற நாங்கள்தான் புதைத்தோம்.

இதெல்லாம் கிடக்கட்டும். உன் அக்கா காலையில் எழுந்ததிலிருந்து பூங்காவுக்குப் போய்த் திரும்பும் வரைக்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பதில்லை. அவள் நடக்கிற வேகத்துக்கு வீடு வந்து சேர வெயில் ஏறிவிடும். நடுவில் வந்துவிட்டால் எங்கே போவாள்? நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி டாக்டர் கத்துகிறார். அவள் தலையை ஆட்டுகிறாள், குடிப்பதில்லை.

கழிப்பறையைத் திற. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
உன் அத்தான் (கைநாட்டு)

*

மார்ச் 9

அத்தான் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. தயவுசெய்து இனிமேல் வீட்டு முகவரிக்கு எழுதுங்கள். தபால் பிரிவில் உறையைப் பிரித்து நாலு பேர் படித்த பிறகுதான் என் மேஜைக்கு வந்தது. 'புதுப்பெண் மாதிரி' என்ற இடத்தில் யாரோ பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள்.

கல்யாணத்தைப் பற்றி நீங்களே எழுதியதால் நானும் சொல்லிவிடுகிறேன். சம்பந்தி என் வேலையைப் பற்றி விசாரித்தார். செலவை எப்படிக் குறைத்தோம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் பந்தியிலிருந்து எழுந்து வந்து, "மிச்சம் பிடிச்சதுல ஒரு குழாய் வாங்கிப் போடு மச்சான்" என்றீர்கள். மண்டபமே சிரித்தது. என் மகளும் சிரித்தாள். அதை நான் மறக்கவில்லை.

நிலைமை உங்களுக்குப் புரிய வேண்டும். ஒவ்வொரு வருடமும் எங்கள் பிரிவுக்கு ஒதுக்குவதைக் குறைக்கிறார்கள். சாக்கடை, ரோடு, குப்பை, இவற்றுக்குப் போக மிஞ்சியதுதான் பூங்காவுக்கு. இந்த முறை ஆணையர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி, எந்தெந்தப் பூங்காவை மூடலாம் என்று. மூடிய இடம் அடுத்த வருடம் வண்டி நிறுத்துமிடம் ஆகும், அதற்கடுத்த வருடம் கட்டடம் ஆகும். நான் எதையும் மூட விடவில்லை. மேற்பார்வையாளர்கள் இல்லாமல் சமாளிக்கத் தினப்படம் என்கிற முறையைக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு பூங்காவிலிருந்தும் காலையில் ஒரு படம் என் போனுக்கு வரும். நான் தினமும் என் கண்ணால் பார்த்துப் பச்சைக் குறி போட்டால்தான் கான்ட்ராக்டருக்குப் பில். உங்கள் பூங்காவின் படம் எப்போதும் நன்றாகவே இருக்கிறது. மற்ற பிரிவுகளிலும் இந்த முறையைக் கொண்டுவரப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

கழிப்பறைக்கு ஆள் போட இப்போது வழியில்லை. அக்கா மொட்டை மாடியில் நடக்கலாமே? டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். அவளை விசாரித்ததாகச் சொல்லுங்கள். வர நினைத்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

அன்புடன்,
மைத்துனன்

*

மார்ச் 19

மச்சானுக்கு,

இதுவும் ஆபீசுக்குத்தான் வருகிறது. பென்சிலைக் கூர் சீவி வைக்கச் சொல்.

மொட்டை மாடிக்கு ஏறப் படி இருக்கிறது என்று உனக்குத் தெரியாதா? அந்தப் படியில் உட்கார்ந்துதான் அவள் உனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாள்.

அவள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். மூத்திரப் பையில் கிருமி, அது சிறுநீரகம் வரைக்கும் ஏறிவிட்டது. காய்ச்சலில் என்னை யார் என்று கேட்டாள். தண்ணீர் குடிக்காததுதான் காரணம் என்று டாக்டர் என்னைத் திட்டினார், நான்தான் அவளுக்குக் கொடுக்காமல் பூட்டி வைத்த மாதிரி. என் மச்சான்தான் பூட்டினான் என்று எப்படிச் சொல்வது? வெட்கமாக இருந்தது.

தினமும் உன் கண்ணால் பார்ப்பதாக எழுதியிருந்தாய். இந்தம்மாவை அந்த வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். நான் தப்பாகக் கேட்டுவிட்டேனோ என்று சந்தேகம். அப்படியானால் அக்காவையும் தினமும் பார்த்திருப்பாயே?

உட்காருகிற மாதிரி இருப்பது அந்த ஒரு பெஞ்சுதான். நடந்து களைத்து அவள் அதில்தான் உட்காருவாள். ஆள் இருந்தால் படம் எடுபடும் என்று கிளிக்கும் அவளை வைத்தே எடுப்பான். "அம்மா, கொஞ்சம் நேரா உக்காருங்க. அந்தக் கை தெரியுது பாருங்க, துண்டுக்குள்ள விட்டுக்குங்க" என்பான். இவளும் இடது கையால் வலது கையைத் தூக்கித் துண்டுக்குள் மறைத்துக்கொள்வாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மூட்டை தூக்கின கை இது, அவன் பைக்கைச் சுமந்துபோய் ரோட்டில் வீசிவிடும். ஒரு நாள் கேட்டேன், இவன் சொன்னால் நீ ஏன் மறைக்கிறாய் என்று.

"தம்பி பாப்பான்ல" என்றாள்.

படம் உன் போனுக்கு வருகிறது என்று கிளிக் அவளிடம் சொல்லியிருக்கிறான். அன்றிலிருந்து எண்ணெய் தேய்த்துத் தலை வாராமல் பூங்காவுக்குக் கிளம்புவதில்லை. ஒற்றைக் கையால் வாருவாள், என்னைத் தொட விடமாட்டாள். உன்னிடமிருந்து ஒரு போன் வரும் என்று நினைத்திருக்கிறாள். 'அக்கா உன்னைப் படத்துல பாத்தேன்' என்று நீ சொல்வாய் என்று.

பச்சைக் குறி போட்டாயாம்.

உனக்கு ஒன்று ஞாபகம் இருக்கிறதா? உன் பள்ளிக்கூடத்துக் கழிப்பறை நாற்றம் தாங்காமல் நாள் முழுக்க அடக்கிக்கொண்டு, மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வருவாய். எதிரே யார் வந்தாலும் நிற்கமாட்டாய். எங்களுக்குக் கல்யாணமான புதிது, நீ எங்களோடு இருந்துதான் படித்தாய். உன் கால் சத்தம் கேட்டதும் இவள் வாசல் கதவு, பின்கதவு, கக்கூஸ் கதவு எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டு ஓரமாக நிற்பாள். ஒரு நாள்கூட நீ கதவைத் தட்டி நின்றதில்லை.

இதை எழுத வேண்டாம் என்று சொன்னேன். இந்தம்மா எழுதிவிட்டாள். சரி, இருக்கட்டும்.

உன் அத்தான் (கைநாட்டு)

*

மார்ச் 24

அத்தான்,

நேற்று காலை ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நீங்கள் சாப்பிடப் போயிருப்பதாக நர்ஸ் சொன்னார். அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பவில்லை. கதவருகிலேயே நின்றுவிட்டு வந்துவிட்டேன். எழுந்து என்னைப் பார்த்தால் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

ஆபீசுக்கு வந்து போனை எடுத்தேன். பழைய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். இருக்கிறாள். நீங்கள் சொன்னது போலவே தலை வாரி, நேராக உட்கார்ந்து, என்னையே பார்க்கிறாள். நான் படத்தை அவ்வளவு பெரிதாக வைத்துப் பார்த்ததில்லை, அத்தான். எல்லாப் பூங்காப் படமும் சேர்ந்து வரும். சின்னச் சின்னக் கட்டமாகத் தெரியும். பச்சையாகத் தெரிந்தால் பச்சைக் குறி போடுவேன். அவ்வளவுதான் செய்திருக்கிறேன்.

அதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நேற்றுக் காலைப் படத்திலும் அக்கா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அதற்கு முந்தின நாள் படத்திலும். அவள் ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு வந்த படங்கள் எல்லாவற்றிலும். பழைய படத்தையே தேதி மாற்றி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். கண்ணுக்கு முன்னால் கட்டிலில் கிடந்தவளைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஆனால் அங்கே வருவதற்கு முன்னால், காரில் வரும்போதே, அன்றைய படத்துக்கும் குறி போட்டிருந்தேன்.

இதை எழுத்தில் மேலே சொல்ல முடியாத நிலையில் இருக்கிறேன். தினப்படம் என் யோசனை. அது பொய் என்று நானே எழுதினால் எல்லாப் பூங்காப் படமும் பொய்யாகிவிடும். மூடச் சொன்னவர்கள் காத்துக்கொண்டிருக்கிறார்கள். கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இத்துடன் என் அலுவலக உதவியாளரிடம் கழிப்பறைச் சாவியைக் கொடுத்தனுப்புகிறேன். அக்காவின் உபயோகத்துக்கு மட்டும். வெளியே தெரிந்தால் எனக்குச் சிக்கல். இந்தக் கடிதத்தை ஜெராக்ஸ் கடையில் படிக்கக் கொடுக்க வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். வேறு யார் உங்களுக்குப் படித்துக் காட்டுவார்கள் என்பதும் தெரியவில்லை.

உங்கள் மைத்துனன்

*

ஏப்ரல் 6

மச்சானுக்கு,

அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். எலும்பும் தோலுமாக இருக்கிறாள். பேச்சு முன்னைவிடத் தெளிவு.

உன் ஆள் சாவியைக் கொண்டுவந்து, "அம்மாவுக்கு மட்டும்தான், வேற யாருக்கும் குடுக்க வேண்டாம்னு சார் சொன்னாரு" என்று என் காதில் சொன்னான். ஏதோ திருட்டு நகை மாதிரி. எனக்கு அதைக் கையில் வாங்கவே அருவருப்பாக இருந்தது. எத்தனையோ லஞ்சத்தைப் பார்த்திருக்கிறேன். மூத்திரம் போக அனுமதியை லஞ்சமாகக் கொடுத்தவன் நீ ஒருத்தன்தான்.

அக்காவிடம் காட்டினேன். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான் உள்ள போறப்ப, கூட நடக்குற ரிட்டயர்டு நர்ஸம்மா அடக்கிக்கிட்டு வெளிய நின்னு பாத்துக்கிட்டு இருக்கணுமா?" என்றாள். அவ்வளவுதான். படுத்துக்கொண்டாள்.

மறுநாள் நான், நர்ஸம்மா, கேட்டருகே செருப்புத் தைக்கிறவர், டாக்சி ஓட்டுகிற சர்க்கரை வியாதிக்காரர், நாலு பேரும் போய்க் கதவைத் திறந்தோம். உள்ளே உன் கான்ட்ராக்டர் பெயின்ட் டப்பாவும் உடைந்த சீசாவும் போட்டு வைத்திருக்கிறான். புறா செத்துக் காய்ந்து கிடக்கிறது. பூட்டுவதற்கு முன்னால் கடைசியாகப் போனவர்கள் போனது அப்படியே இருக்கிறது. கல்லாகப் போய்விட்டது. டாக்சிக்காரர் வெளியே ஓடிப் போய் வாந்தி எடுத்தார். எடுத்துவிட்டு வந்து, "சரி, வாளி எங்க?" என்றார். நல்ல மனுஷன். வீடுகளிலிருந்து தண்ணீர் சுமந்து கழுவி முடித்ததும் செருப்புத் தைக்கிறவர் தன் குறட்டால் பூட்டு மாட்டுகிற கொண்டியையே பிடுங்கிப் போட்டார். உன் சாவிக்கு இனி வேலை இல்லை.

முறை போட்டுக் கழுவிக்கொண்டிருந்தோம். பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமைக்கு ஆயுசு ஒரு வாரம்.

முன்னால் கழுவிக்கொண்டிருந்த அம்மா வந்தாள். இப்போது ஏதோ பெரிய கடையில் தரை துடைக்கிறாள், சம்பளம் பாதி. நாங்கள் வாளியும் கையுமாக நிற்பதை இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். நன்றி சொல்வாள் என்றா நினைத்தேன், தெரியவில்லை, பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"யாரைக் கேட்டுக் கழுவுறீங்க?" என்றாள். "சும்மா கழுவ நாலு பேர் கெடைச்சா, சம்பளம் குடுத்து என்னை எதுக்குக் கூப்பிடப் போறாங்க?"

நர்ஸம்மா ஏதோ சமாதானம் சொல்லப் போனார். அவள் கேட்கவில்லை. "உங்களுக்கு நல்ல மனசு. என் பொழப்பு போச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சந்தையில் நாங்கள் கூலி உயர்வு கேட்டு மூட்டையைத் தொடாமல் உட்கார்ந்தபோது, வியாபாரி வீட்டு மைத்துனன்மார் வெள்ளைச் சட்டையோடு வந்து மூட்டை தூக்கினார்கள். வேடிக்கையாக, சிரித்துக்கொண்டே தூக்கினார்கள். அவர்களை நான் எப்படிப் பார்த்தேன் என்பது எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அதே பார்வையை அவள் என் மேல் போட்டுவிட்டுப் போனாள்.

கழுவாமல் விட்டால் அக்கா மறுபடி தண்ணீரை நிறுத்துவாள். கழுவினால் அந்த அம்மா வயிற்றில் அடிக்கிறேன். இரண்டில் ஒன்றைச் செய்ய வைத்தது நீ. கிளிக் வேறு வந்து, வாளியோடு எங்களை வரிசையாக நிற்க வைத்து, சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டு போனான். சீ.

உன் அத்தான் (கைநாட்டு)

*

ஏப்ரல் 15

அத்தான்,

அந்தப் படம் என் போனுக்கு வந்தது. நான் குறி போடவில்லை. ஆனால் கான்ட்ராக்டர் அதை மேலேயும் அனுப்பிவிட்டார்.

நேற்று ஆணையர் கூட்டத்தில் அதைச் சுவரில் பெரிதாகப் போட்டுக் காட்டினார்கள். மக்களே பராமரிக்கும் பூங்கா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நீங்கள் மட்டும் சிரிக்காமல் கேமராவை முறைத்துக்கொண்டு நிற்கிறீர்கள். என் உறவு என்று அங்கே யாருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை. கைதட்டினேன்.

இன்று ஓர் உத்தரவு என் கையெழுத்துக்கு வந்திருக்கிறது. எல்லாப் பூங்காக்களிலும் கழிப்பறைத் துப்புரவு வேலையிடங்களை நிரந்தரமாக நீக்குவது. பக்கத்தில் குடியிருப்பவர்கள் தாங்களாகவே செய்ய முன்வந்துள்ளதால் என்று காரணம் எழுதியிருக்கிறார்கள். ஆதாரமாக உங்கள் படத்தை இணைத்திருக்கிறார்கள். அந்த அம்மா இனிமேல் திரும்பி வர முடியாது. அவர் மட்டுமல்ல, யாருமே.

இரண்டு வழி இருக்கிறது. கையெழுத்துப் போடலாம். அல்லது தினப்படமே பொய், அவர்கள் முன்வரவில்லை, வேறு வழியில்லாமல் செய்தார்கள் என்று அதே தாளில் எழுதித் திருப்பி அனுப்பலாம். எழுதினால் பராமரிக்க முடியாத பூங்கா என்று உங்கள் கேட்டையே பூட்டிவிடக்கூடும். அக்காவுக்கு அந்த நடையும் போய்விடும். என் மீது விசாரணை வரும், அதை விடுங்கள். அது எப்படியும் போகட்டும்.

தாள் மேஜையில் இருக்கிறது. அதன் மேல் டம்ளரை வைத்திருக்கிறேன். எனக்கு யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள், செய்கிறேன். போடவா, வேண்டாமா?

உங்கள் மைத்துனன்

*

ஏப்ரல் 18

மச்சானுக்கு,

இந்தக் கடிதத்தை வீட்டு விலாசத்துக்கே அனுப்புகிறேன். இதைப் பென்சில்காரர்கள் படிக்க வேண்டாம்.

உன் கடிதத்தை இந்தம்மா படித்துக் காட்டும்போது ஜெராக்ஸ் எடுக்க வந்த ஓர் ஆள் நின்று கேட்டுவிட்டு, "யாருங்க அது, இவ்வளவு பயந்தாங்கொள்ளி" என்றார். சொந்தக்காரன் என்று சொன்னேன். நீ சொல்லாததை நான் சொன்னேன்.

கேட்டைப் பூட்டிவிடுவார்கள் என்று பயம் காட்டுகிறாய். பூட்டட்டும். பூட்டினால் பூட்டியிருக்கிறது என்று போகிற வருகிறவனுக்குத் தெரியும், நாலு பேர் வந்து கேட்பார்கள், நானும் கேட்டருகில் உட்கார்ந்து கேட்பேன். நீ திறந்து வைத்துக்கொண்டே பூட்டுகிறாய். அதற்கு யார் எங்கே போய்க் கேட்பது?

அக்காவிடம் இதையெல்லாம் படித்துக் காட்டவில்லை. காலையில் தலை வாரிக்கொண்டு பெஞ்சுக்குப் போகிறாள். கிளிக் இப்போது அவளை எடுப்பதில்லை. முகம் ஒடுங்கிப் போச்சாம், பழைய படமே நன்றாக இருக்கிறதாம். அவள் முகத்துக்கு நேராகவே சொன்னான். அவள் துண்டுக்குள் இருந்து கையை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்படியே உட்கார்ந்திருக்கிறாள் இப்போதெல்லாம்.

போடவா வேண்டாமா என்று என்னைக் கேட்கிறாய். உனக்கு வெட்கமாக இல்லையா? நான் என் ஆயுசில் எத்தனையோ தாளில் பெருவிரலை வைத்திருக்கிறேன். கூலிக்காக, வீட்டுக்காக, ஆஸ்பத்திரிக்காக. அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது. யார் குடியைக் கெடுத்தேனோ, யாருக்கு நல்லது செய்தேனோ, அதுவும் தெரியாது. வைத்தேன், விரலைத் துடைத்தேன், வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்த வசதி உனக்கு இல்லை. அக்கா உன்னைப் படிக்க வைத்துவிட்டாள்.

உன் அத்தான் (கைநாட்டு)